சொட்டுச் சில்லு

இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்களப் பொறியியலாளர் அம்மையார்; என் அலுவலகத்திலிருந்து வந்த மேலதிகாரி; தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு; எங்கள் டிவிசனின் தொழிற்சங்கத் தலைவர் மாடசாமி மாமா; கோயில் கமிட்டிக்காரர்கள் ஆறு பேர்; அன்றைக்கு வேலைக்குப் போகாத ஆண்கள் பத்துப் பதினைந்து பேர். பிறகு நான்.

இல்லாதவர்கள், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் உள்ள பெண்கள். ஒருவர்கூட இல்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் எல்லோரும் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மா இல்லை. பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா இல்லை. எங்கள் லயங்களில் தண்ணீர் சுமப்பவர்கள் அவர்கள்தாம். அவர்களில் ஒருவரும் இல்லாத அந்தக் கூட்டத்தில் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கப்பட்டது.

நான் பொய் சொன்னேன்.

முழுப் பொய்கூட இல்லை. மூன்றே சொல். “அந்த மாதிரிதான் மாமா.”

இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது போலும்... தெரிந்த முகம் ஒன்று எதிரே இருந்தால் இந்தப் பேனா ஓர் எழுத்துக்கூட நகராது.

என் பெயர் தவராஜ். லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில் இருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்தேன். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்பில் டிப்ளோமா செய்து, நுவரெலியாவில் ஓர் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். ஒப்பந்த வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மறுநாள் பஸ் ஏற வேண்டியதில்லை.

லயத்தில் எனக்குத் ‘தமிழ்த் தொரை’ என்று பெயர். “வழி விடுங்கடி, தமிழ்த் தொரை ஆபீசுக்குப் போறாரு! சட்டையில ஒரு சொட்டுப் பட்டாலும் கவர்மெண்டு கவுந்துரும்!” என்று காலையில் பீலியடியில் நின்று புஷ்பம் அக்கா கத்துவார். மலை ஊற்றுத் தண்ணீர் ஒரு குழாய் வழியே வந்து விழும் இடத்தைத்தான் பீலி என்போம். நாற்பத்தெட்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அங்கேதான். பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் தெறிக்காமல் ஓரமாக நடப்பேன். அந்தக் கேலியில் எனக்கு எத்தனை பெருமை இருந்தது! படித்தவன்... எல்லாம் தெரிந்தவன்...

ஐப்பசியில் ஒருநாள் ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. பதினொரு பக்கம். குவாண்டம் சிப்புகளை இந்த நாட்டிலேயே உருவாக்கவும் உற்பத்தி செய்யவும் அரசாங்கம் பொது நிதி ஒதுக்குகிறது. அந்த நிதியில் அமையும் முதலாவது சிறிய ஆலைக்குக் கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலை தெரிவு செய்யப்பட்டிருக்கிறது... படித்துக்கொண்டே வந்தவன், தோட்டத்தின் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் தோட்டம்! எங்கள் பழைய ஸ்டோர்!

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அது மூடப்பட்டுப் பல வருடமாகிறது. மாடசாமி மாமா அங்கே கொழுந்து அரைக்கும் ரோதைகளுக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடம் நின்றவர். ரோதை என்றால் எங்கள் பேச்சில் சக்கரமும்தான், சுற்றுகிற எந்த இயந்திரமும்தான். அந்த இரைச்சலில் மாமாவின் வலது காது மந்தமாகிவிட்டது. இந்தக் காதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் நான் அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பெரிய இரும்புத் தண்ணி ரோதையும் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஒரு காலத்தில் ஓடைத் தண்ணீர் விழுந்து அது சுற்ற, அந்தச் சுற்றிலேயே ஸ்டோர் முழுவதும் ஓடியதாம். எங்கள் ஆட்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

கோப்புக்கு வருகிறேன். தலைப்பில் ‘குவாண்டம் சிப்’ என்றே எழுதியிருக்கலாம். ஃபோன் வைத்திருக்கிற எல்லோருக்கும் சிப் என்றால் தெரியும். ஆனால் நான் படித்தவன் அல்லவா? பள்ளிக்கூடப் பௌதிகப் புத்தகத்தில் குவாண்டத்துக்குச் ‘சொட்டு’ என்று பெயர். சக்தி ஓடையாக ஓடி வருவதில்லை, சொட்டுச் சொட்டாக வருகிறது என்று எங்கள் ஆசிரியர் விளக்கியிருந்தார். சிப்புக்குச் ‘சில்லு’. கலைச்சொல் தொகுதியைப் புரட்டிப் பார்த்தேன். அதிலும் அப்படியே இருந்தது. எழுதினேன்: ‘சொட்டுச் சில்லு அபிவிருத்திக்கும் உற்பத்திக்குமான பொது நிதித் திட்டம்.’

எழுதிவிட்டு வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு அழகு!

சொல்லில் பிழையில்லை. இதைத்தான் எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். தொகுதியில் இருக்கிறது, புத்தகத்தில் இருக்கிறது, சொல்லில் பிழையில்லை... அப்படியானால் எதற்காகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்?

ஏனென்றால் ஏழாம் பக்கத்தில் ஒரு பந்தி இருந்தது. சில்லுகளைக் கழுவ மிகத் தூய்மையான நீர் ஏராளமாகத் தேவைப்படும். அதற்காக ஆலை வளவில் ஆழமான குழாய்க் கிணறு ஒன்று தோண்டப்படும். அதனால் சுற்றியுள்ள ஊற்றுகளில் நீர் குறையக்கூடும். பாதிக்கப்படக்கூடியவர்கள் இருபத்தொரு நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தால், இதே நிதியிலிருந்து அவர்களுக்கு மாற்று நீர் வழங்கல் அமைத்துத் தரப்படும். நான் மொழிபெயர்த்த பந்தி இது. ஒரு கால்புள்ளிகூடத் தவறவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

பதினொரு பக்கங்களையும் பெரட்டுக் களத்துச் சுவரில் வரிசையாக ஒட்டினார்கள். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. அங்கேயே கூட்டமும் நடந்தது. பொறியியலாளர் அம்மையார் சிங்களத்தில் பேசினார். நான் தமிழில் சொல்ல வேண்டும்.

நல்ல மனுஷி அவர். ஆர்வமாகப் பேசினார். இந்தச் சில்லு வேலை செய்வதற்கு விண்வெளியை விடக் குளிரான ஒரு பெட்டி வேண்டும் என்றார். சொன்னேன். கமிட்டிக்காரர் ஒருவர் தோளில் கிடந்த கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “அதானே பாத்தேன்! குளிரு தேடித்தான் லிந்துலைக்கு வந்திருக்காங்க. எங்க கக்கூசுல கொண்டாந்து வைக்கச் சொல்லு தம்பி, ஒரு செலவும் இல்ல!” என்றார். களமே சிரித்தது. கண்டாக்கும் சிரித்தார்.

அம்மையார் தொடர்ந்தார். ஒரே சமயத்தில் இரண்டு நிலைகளில் இருக்கும்... சாதாரணக் கணினியால் ஆகாத கணக்குகளை... நான் ஒவ்வொரு சொல்லையும் தமிழில் வைத்தேன். வைத்தேன், அவ்வளவுதான். எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. ஒரு கேள்வி வந்தால் போதும், இவன் ஒன்றும் தெரியாதவன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்!

கேள்வி வந்தது.

மாடசாமி மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவருக்கு அருகே போய்த் தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, சில்லுன்னா சைக்கிள் சில்லு, பஸ்சு சில்லு. நம்ம ரோதை. சொட்டுன்னா தண்ணி. அப்ப சொட்டுச் சில்லுன்னா... நம்ம பழைய தண்ணி ரோதையத்தான் திரும்ப ஓட விடப் போறாங்களா? லயத்துக்குத் தண்ணியும் கரண்டும் வருமா?”

“பொது நிதின்னும் போட்டிருக்கு பாருங்க தலைவரே,” என்றார் கம்பளிக்காரர். “பொதுப் பணம்னா நம்ம எல்லாருக்கும்தானே?”

திருவிழாவுக்கோ சாவு வீட்டுக்கோ வீட்டுக்கு வீடு சேர்ப்பதைத்தான் நாங்கள் பொதுப் பணம் என்போம். யாருக்குத் தேவையோ அவருக்கு அது. வேறு பொருள் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. அந்த முகங்களில் ஏற்கெனவே தண்ணீர் வந்துவிட்டிருந்தது!

இல்லை மாமா என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அடுத்த கேள்வி, “பின்ன என்ன தம்பி அது?” என்ன அது? எனக்குத் தெரியாது. மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்ன கேட்கிறார்கள் என்று சிங்களத்தில் அதட்டினார். என் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

“அந்த மாதிரிதான் மாமா.”

மேலதிகாரியிடம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னேன்: “எல்லோருக்கும் சந்தோஷமாம்.” அதுவும் பொய்யில்லை, பாருங்கள்! உண்மையாகவே சந்தோஷப்பட்டார்கள். கை தட்டினார்கள். அம்மையார் நெகிழ்ந்துபோய் இரு கையும் கூப்பினார்.

அன்று மாலையே மாடசாமி மாமா வீடு வீடாகப் போய்ச் செய்தி சொன்னார். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கும் முன்பே கேட்டார்: “ஏய்யா, தண்ணி ரோதை ஓடப் போவுதாமே! அந்தக் கடுதாசிய எழுதுனதே நீதானாமே! பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?” அம்மாவின் விரல்கள் கொழுந்துக் கறையில் கறுத்திருந்தன. அந்த விரல்களால் என் கன்னத்தைத் தடவினார். புஷ்பம் அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “இனி தொரைக்குப் பீலிப் பக்கமே வேல இல்ல. வீட்டுக்குள்ளயே பைப்பு! குளிச்சுப்புட்டு நேரா கட்டில்ல ஏறலாம்!” என்றார்.

நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன்?

இருபத்தொரு நாள். தினமும் அந்தச் சுவரைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். தலைப்பைத் தாண்டி யாரும் படிக்கவில்லை. நல்ல செய்தி என்று தெரிந்த பிறகு எதற்குப் படிக்க வேண்டும்? ஏழாம் பக்கம் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் அது ஒரு வாய்த் தவறு. “சே, மாத்திச் சொல்லிட்டேன் மாமா,” அவ்வளவுதான். ஐந்தாம் நாள் சொன்னால், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்பார்கள். பத்தாம் நாள்... பதினைந்தாம் நாள்... ஒவ்வொரு நாளும் அந்தச் சொல் கனத்துக்கொண்டே போயிற்று. என் வாய் சிறுத்துக்கொண்டே போயிற்று.

பதினான்காம் நாள் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. வேலை போய்விடும் என்ற பயம் அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் பயந்தது வேலைக்கு அல்ல. அம்மாவின் அந்தக் கறுத்த விரல்களுக்கு.

இருபத்தோராம் நாள் அலுவலகத்தில் ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். ‘எங்கள் ஊற்று வற்றக்கூடுமாகையால் மாற்று நீர் வேண்டுகிறோம்.’ ஒரே வரி. கீழே குடியிருப்பாளர் ஒருவர் கையெழுத்து இட வேண்டும். ஒருவர் போதும்! நானே குடியிருப்பாளன்தான்! பேனாவைத் திறந்தேன். என் பெயரில் கடிதம் போனால் மேலதிகாரி கேட்பார்: அன்று எல்லோருக்கும் சந்தோஷம் என்று சொன்னவன் நீதானே?

நாலேகாலுக்கு அலுவலகம் மூடினார்கள். கடிதத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சில வாரங்களில் ஒரு சுற்றறிக்கை வந்தது. உரிய காலத்துக்குள் கோரிக்கை எதுவும் கிடைக்காததால் மாற்று நீருக்கான ஒதுக்கீடு தேவையற்றதாகிறது. அத்தொகை உபகரணக் கொள்வனவுக்கு மாற்றப்படுகிறது. அதையும் தமிழாக்கினேன். பிழையின்றி.

தை மாதம் துளைக்கும் இயந்திரம் வந்தது. பகல் முழுதும் மலை அதிர்ந்தது. மாசியில் பீலியின் சத்தம் மாறியது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். அது மெலிவதை முதலில் கேட்டவன் நானாகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் நான் மட்டுமே அதை எதிர்பார்த்துக் காது கொடுத்திருந்தேன். பங்குனியில் ஒரு காலை, பத்துப் பதினைந்து பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். குழாய் வாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. சிறிது பொறுத்து இன்னொன்று.

“இந்தா, சொட்டு வந்துருச்சுடி!” என்றார் புஷ்பம் அக்கா. “சில்லு எப்ப வரும்னு நம்ம தொரையக் கேளுங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

இது வறட்சிதான், மழை வந்தால் சரியாகும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அந்தப் பேச்சை எப்படிப் பிடித்துக்கொண்டேன் தெரியுமா! வறட்சியாகவும் இருக்கலாம்... கிணற்றுக்கும் ஊற்றுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்... வைகாசியில் மழை கொட்டியது. ரோட்டெல்லாம் வெள்ளம். பீலி மட்டும் வரவில்லை.

பெண்கள் ரோட்டுக்குக் கீழே உள்ள ஓடைக்குப் போனார்கள். மேல் மலைகளில் போடுகிற உரமும் அடிக்கிற மருந்தும் மழையில் கழுவுண்டு வந்து சேர்கிற ஓடை. போக இருநூறு படி, வர இருநூறு படி. கொழுந்து மலைக்குப் போகும் முன்னே ஒரு தடவை, வந்த பின்னே இரண்டு தடவை. என் அம்மாவும்தான். நான் தூக்கி வரப் போனால், “நீ ஆபீசுக்குப் போற ஆளு. ஊரு பாத்தா என்ன சொல்லும்?” என்று வாளியைப் பிடுங்கிக்கொள்வார்.

புஷ்பம் அக்காவின் மகள் நிவேதாவுக்கு ஏழு வயது. ஒரு வெள்ளிக்கிழமை வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கின. மத்தியானத்துக்குள் கண்கள் உள்ளே போய்விட்டன. ஆஸ்பத்திரியில் சிங்களம் பேச ஆள் வேண்டுமென்று அக்கா என்னைக் கூப்பிட்டார். போனேன்.

என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். தமிழில் சொன்னேன். “பீலி நின்னு போச்சுங்க. ஓடத் தண்ணிதான்,” என்றார் அக்கா. சிங்களத்தில் சொன்னேன். கொதிக்க வைப்பதில்லையா என்றார் டாக்டர். “கொதிக்க வச்சுத்தான் குடுப்போம்ங்க. ரெண்டு நாளா மழ, வெறகெல்லாம் ஈரம்...” அதையும் சொன்னேன். பீலி ஏன் நின்றது என்றார். அக்கா என்னைப் பார்த்தார். “தெரியலீங்க,” என்றார்.

அன்றைக்கு நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ‘தெரியவில்லை’ என்பதை அப்படியே சொன்னேன்!

சேலைன் ஏற்றினார்கள். குழந்தையின் கை என் இரண்டு விரல் தடிமன்கூட இல்லை. அக்கா கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். நான் கட்டிலருகே நின்று அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டு... சொட்டு... இவள் செத்துப்போனால் நான் யார்? அந்தச் சொல்லுக்கு எந்தத் தொகுதியில் தமிழ் தேடுவேன்?

நாலாம் நாள் நிவேதா வீட்டுக்கு வந்தாள். பிஸ்கட் கேட்டாளாம். நான் பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். அந்த அழுகை அவள் பிழைத்ததற்கா, நான் தப்பியதற்கா? இன்றும் தெரியவில்லை...

ஊர் யாரையாவது பிடிக்க வேண்டுமே. மாடசாமி மாமாவைப் பிடித்தது.

பெரட்டுக் களத்தில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். “வீடு வீடா வந்து சொன்னீங்களே தலைவரே, எங்க ஒங்க ரோதை?” “அந்த இஞ்சினியர் நோனாகிட்ட எவ்வளவு வாங்குனீங்க? ரோதை வாங்குற அளவுக்கா, சைக்கிளுக்குச் சில்லு வாங்குற அளவுக்கா?” மாமா வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நான் நின்றேன். இப்போது சொல்லப் போகிறார், “அந்தா நிக்கிறானே, அவன்தான் சொன்னான்” என்று கை காட்டப் போகிறார் என்று ஒவ்வொரு நொடியும் காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த மாதமே சங்கத்தில் தலைவரை மாற்றிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தார். மாமா உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

“தம்பி, ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் கூட்டத்துல ரோதையான்னு கேட்டேன்ல? நீ இல்லைன்னுதானே சொன்ன?”

“உள்ள வந்து உக்காருங்க மாமா,” என்றேன்.

“எனக்கு இந்தப் பக்கக் காது அவிஞ்சு போச்சு. நீ படிச்ச புள்ள, சரியாத்தான் சொல்லியிருப்ப. நாந்தான் ஆமான்னு கேட்டுட்டேன் போல. ஊரு பூரா போயி ஒளறிட்டேன். அதான்... நீ என்ன சொன்னன்னு தெரிஞ்சா மனசு ஆறும்.”

அவர் கண்களில் பயம் இருந்தது. எழுபதை நெருங்கும் மனிதர் என்னிடம் பயந்துகொண்டு நின்றார்! அவருக்கு என்னிடமிருந்து வேண்டியது ஒரு சொல். இந்த உலகத்தில் அந்தச் சொல்லை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

“சரியா ஞாபகம் இல்ல மாமா.”

அவர் தலையாட்டினார். வலது காதை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார், கெட்டுப்போன ரேடியோவைத் தட்டுவது போல. “அப்ப இதுதான்,” என்றார். படியிறங்கிப் போனார்.

நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேனே... அந்தக் காது இதுதான்.

இப்போது எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்துவிட்டது. பழைய ஸ்டோர் வெள்ளைக் கட்டடமாகிவிட்டது. ஒருமுறை மொழிபெயர்ப்புக்காக உள்ளே போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சில்லைக் காட்டினார்கள். விரல் நகத்தை விடச் சிறியது. இந்த நாட்டில், எங்கள் மலையில், பொதுப் பணத்தில் அப்படி ஒன்று பிறக்கிறது என்பது இன்னும் எனக்கு அதிசயமாகத்தான் இருக்கிறது. அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் கழுவும் தண்ணீர் யாருடையது என்று தெரிந்தவன் நான்; அவ்வளவுதான்.

போன வாரம் இரண்டாம் கட்ட நிதிக்கான கோப்பு வந்தது. இன்னொரு குழாய்க் கிணறு. இம்முறை கீழ் டிவிசனுக்குப் பக்கத்தில். நான் தலைப்பில் ‘குவாண்டம் சிப்’ என்று எழுதினேன். மேலதிகாரி சிவப்புப் பேனாவால் வெட்டி, முன்பு பாவித்த சொல்லையே பாவிக்கவும் என்று குறிப்புப் போட்டு அனுப்பினார். ஏன் மாற்ற வேண்டும் என்று அவரிடம் போய்ச் சொல்ல ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்...

‘சொட்டுச் சில்லு’ என்று திருத்திக் கொடுத்தேன்.

வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கீழ் டிவிசனில் கூட்டம். தமிழில் சொல்லப் போகிறவன் நான். யாராவது ஒருவர் கேட்பார். என் வாயிலிருந்து என்ன வரும்? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

நேற்று எங்கள் லயத்தில் எல்லோரும் கூடினோம். இம்முறை பெண்களும் இருந்தார்கள். இரண்டு மலைக்கு அப்பால் இன்னோர் ஊற்று இருக்கிறது. அங்கிருந்து நாமே குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டு வருவது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு எண்ணாயிரம். கையெழுத்து அழகாக இருக்கும் என்று பெயர்ப் பட்டியலை எழுத என்னையே உட்கார வைத்தார்கள்.

என் சட்டைப் பையில் ஐம்பதாயிரம் வைத்திருந்தேன். சேமிப்பு முழுவதும். கொடுத்துவிட வேண்டும் என்றுதான் கொண்டு போனேன். ஆனால் கூடக் கொடுத்தால், “தொரைக்கு என்ன திடீர்னு?” என்று புஷ்பம் அக்கா கேட்பார். கேட்டால்? எண்ணாயிரத்தை மட்டும் எண்ணி வைத்தேன். மிச்சம் பையிலேயே இருந்தது. உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நெஞ்சில் சுட்டது.

மாடசாமி மாமா பதினாறாயிரம் கொண்டு வந்திருந்தார். எதற்கு இரட்டை என்று யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “என் காதால வந்தது.” யாரும் மறுக்கவும் இல்லை. நானும்தான்.

“மேல என்ன மாமா எழுதட்டும்?” என்று கேட்டேன்.

“பொதுப் பணம்னு போடு தம்பி.”

பழக்க தோஷத்தில் கை ‘பொது நிதி’ என்று எழுதிவிட்டது. அடிக்கவில்லை, அப்படியே விட்டேன். அதன் கீழே நாற்பத்தெட்டு வீடுகள். கடைசிப் பெயரையும் எழுதி, கோடு இழுத்து, கூட்டிப் போட்டேன்.

மூன்று இலட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் ரூபாய்.